காலித் தொட்டிகள்

கப்பல் ஏறினால் எனக்கு வாந்தி வரும். போர்க்கப்பல் வடிவமைப்பு அலுவலகத்தில் இருப்பவனுக்கு இப்படியா என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். என் வேலைக்குக் கடல் தேவையில்லை ஐயா. எதிரி நாட்டுக் கப்பலின் படங்களை நம் கப்பலின் படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது ஏன் மேல் என்று சொல்ல வேண்டும். சொல்வது என் வேலை. கேட்பது யாருடைய வேலையும் இல்லை.

அவர்கள் கப்பல் அகலமானது. மேல்தளத்தில் ஆயுதம் குறைவு. நம்மவர்கள் அதைக் கஞ்சத்தனம் என்றார்கள். மேலே பாரம் கூடினால் கப்பல் கவிழும் என்று தெரிந்தவர்கள் கட்டியது அது. எங்கள் தலைமை வடிவமைப்பாளருக்கு இது மண்டையில் ஏறவே இல்லை.

"அவங்க எட்டு ஏவுகணை வெச்சா நாம பன்னெண்டு வைக்கணும்யா. உனக்கு எப்பவும் அவங்க கப்பல்தான் ஒசத்தி. பேசாம அங்கயே போய் வேலைக்குச் சேர்ந்துடேன்."

கூட்டமே சிரித்தது.

ஏவுகணைகள் ஏறின. அதற்கும் மேல் ராடார் கோபுரம் ஏறியது. நான் கரடியாய்க் கத்திப் பார்த்தேன். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: அடித்தொட்டிகளில் கடல்தண்ணீரை நிரப்பினால் கீழே எடை கூடும், கப்பல் சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிரும்தான். அன்றுதான் எனக்கு வயிறெரிந்தது. தப்பாகக் கட்டிய கப்பல் முட்டுக்கொடுத்துத் தேறிவிடும். அவருக்கு மாலை விழும். நான் வாய் வலிக்கச் சொன்னது ஒருவருக்கும் நினைவிருக்காது.

வெள்ளோட்டத்துக்கு முன் தொட்டிகளைப் பார்த்து அனுமதி தருவது என் பொறுப்பு. கசிவு பார்க்க வேண்டும் என்று சொல்லி அவற்றைக் காலி செய்ய வைத்தேன். மறுபடி நிரப்பச் சொல்லவில்லை. அனுமதி கொடுத்தேன்.

என் தங்கையின் கணவர் அந்தக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். ஏறப் போகும்போது என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன மச்சான், மேல இவ்ளோ அடுக்கியிருக்காங்க. திருப்பினா சாயாதுல்ல?"

"தொட்டியெல்லாம் நிரப்பியாச்சு மாப்பிள்ளை. தைரியமாப் போயிட்டு வாங்க."

"நீங்க சொன்னா சரிதான்."

ஏதாவது காரணம் சொல்லி அவரை இறக்கியிருக்கலாம். யோசித்தேன். மற்றவர்களை ஏற்றிவிட்டுச் சொந்தக்காரரை மட்டும் இறக்கினால் அது நியாயமாக இருக்காது.

துறைமுகச் சுவரிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த கப்பல் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. சாய்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அது நிமிரும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். தலைமை வடிவமைப்பாளரும்தான். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் அறையிலிருந்து ஒருவர்கூட வெளியே வரவில்லை.

தொட்டிகளைக் காலி செய்தது நான். கவிழும் என்று தெரிந்தே செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அடுத்த கப்பலை அகலமாக, ஆயுதம் குறைத்துக் கட்டப்போகிறார்களாம், கேள்விப்பட்டேன். என் தங்கைதான் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். அது கட்டி முடிந்ததும் அவளை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள் ஐயா. மாப்பிள்ளையை நான் வீணாக்கவில்லை என்று அவளுக்கே புரிந்துவிடும்.