மேல் கட்டில்காரி

— சூட்கேஸை என்னம்மா பண்ணே?

— குடுத்துட்டேன்.

— யாருக்கு?

— போன ஊர் விடுதிக்காரருக்கு. கல்லு பதிச்ச தெருவுல அதை உருட்டிட்டுப் போனா ஊரே ஜன்னலைத் திறந்து பார்க்குது. இப்ப ஒரே ஒரு முதுகுப் பை.

— கிளம்பும்போதே நான் சொன்னேன்ல...

— நீ சொல்லும்போது எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுட்டு இருந்தேன்.

— சாப்பிட்டியா?

— ஆச்சு. இங்க சமையலறையில ஒரு அலமாரி இருக்கு. ஊரைவிட்டுக் கிளம்புறவங்க மிச்சம் மீதியை அதுல வச்சுட்டுப் போவாங்க. யார் வேணா எடுத்துக்கலாம். அரிசி, உப்பு...

— அய்யோ, அடுத்தவங்க மிச்சத்தையா!

— பிரிக்காத பாக்கெட்டுடி. ஆனா பேர் எழுதி ஒட்டியிருந்தா மட்டும் தொடக்கூடாது. தெரியாம ஒருத்தியோட முட்டையை...

— அம்மா!

— வாங்கி வச்சுட்டேன். ஒண்ணுக்கு ரெண்டா.

— இதெல்லாம் உன் தலைக்கு மேல் கட்டில்ல படுக்குற அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்தாளா? முதல் விடுதியிலேருந்து உன்கூடவே ஊர் ஊரா வர்றாளே, அவ?

— அவதான். நம்ம பாஷை பேசுற பொண்ணு, வேற என்ன வேணும்?

— போனை அவகிட்ட குடேன்.

— குளிச்சுட்டு இருக்கா.

— நேத்தும் குளிச்சுட்டுதானே இருந்தா?

— சுத்தமான பொண்ணு.

— முதல் நாள் நீ போன்ல அழுதே. ஞாபகம் இருக்கா?

— அழல. சளி பிடிச்சிருந்துச்சு.

— ரூம்ல எல்லாரும் கத்துறாங்கன்னு...

— பின்ன? பல பேர் சேர்ந்து தங்குற அறை, குப்பையா கிடந்துச்சு, அத்தனை பேரும் வெளியே போயிருந்தாங்க. எல்லார் போர்வையையும் மடிச்சு, எல்லார் துணியையும் அலசிக் காயப்போட்டு, பையெல்லாம் சுவரோரமா அடுக்கி வச்சேன். சாயங்காலம் எது யார் துண்டு, எது யார் ஜட்டின்னு ஒருத்திக்கும் தெரியல... சிரிக்காதடி!

— சிரிக்கல, சிரிக்கல.

— அப்பத்தான் அவ வந்தா. 'ஆன்ட்டி, இங்க அவங்கவங்க கட்டில்தான் அவங்கவங்க வீடு. பக்கத்து வீட்டைப் பெருக்கக் கூடாது'ன்னா.

— அம்மா... நாளைக்கு எல்லை தாண்டுற பஸ் வேணாமே. ஊர் திரும்புற டிக்கெட் தேதியை மாத்திடுறேன். வந்துடு.

— ஏன்?

— எனக்கு பயமா இருக்கும்மா.

— பயம் உனக்கு. ஊர் சுத்துறது நான். நான் ஏன் வரணும்?

— ராத்திரி பஸ்ஸும்மா!

— அதுல போனா ஒரு நாள் வாடகை மிச்சம். பையைக் காலுக்கு அடியில போட்டு, வாரைக் கணுக்கால்ல சுத்திக்கணும். பாஸ்போர்ட் உள்பாவாடைப் பாக்கெட்டுல. நானே தைச்சது. அதுல கை வைக்கிறவன் முதல்ல என்னை எழுப்பியாகணும்.

— சரி, போ. ஆனா அவ கூட வந்தாத்தான். தனியா போகக் கூடாது, சொல்லிட்டேன்.

— இங்க பாரு. இத்தனை வருஷமா மெஷின் முன்னாடி உட்கார்ந்து ஊர்ல எல்லாருக்கும் ரவிக்கை தைச்சேன். அதைப் போட்டுட்டு எங்கெங்கயோ போயிட்டு வந்து, அடுத்ததுக்கு அளவு குடுக்கும்போது கதை சொல்வாங்க. நான் வாயில ஊசியோட கேட்டுட்டு நிப்பேன். ஒரு ஊரையாவது நானே தொலைஞ்சு, நானே வழி கேட்டுக் கண்டுபிடிக்கணும். யாரும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகக் கூடாது. அதுக்குத்தான்டி தனியா கிளம்பினேன்.

— ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?

— சொல்லு, பார்ப்போம்.

— அந்தப் பொண்ணு என் ஆபீஸ்மா. அவளும் லீவு போட்டுட்டு அந்தப் பக்கம் சுத்தத்தான் வந்தா. உன் கட்டிலுக்கு மேல் கட்டிலை அவளை எடுக்கச் சொன்னது, கூடவே இருக்கச் சொன்னது எல்லாம் நான்தான். இன்னைக்குக் காலையில கூட 'அம்மாவும் நானும் டீ குடிக்கிறோம்'னு மெசேஜ் போட்டா. அதைப் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது.

— அதெல்லாம் மூணாவது நாளே தெரியும். எனக்கு இடது முட்டி வலிக்கும்னு வழியில பார்த்த பொண்ணுக்கு எப்படித் தெரியும்? அவ ஆசைப்பட்ட கடற்கரைக்குப் போன வாரமே பஸ் ஏத்தி விட்டுட்டேன். இந்த ஊருக்கும் இதுக்கு முந்தின ஊருக்கும் நான் ஒத்தையாத்தான்டி வந்தேன். நீ நிம்மதியா தூங்கணுமேன்னுதான் அவளை தினமும் அந்த மெசேஜைப் போடச் சொன்னேன்.