சோக் இல்லாத வண்டி

1999 டிசம்பர். அதிகாலை மூன்று மணி. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை... மேலேயும் கீழேயும் ஒரு வெளிச்சமும் இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். எங்கள் நண்பன் நூர் முகம்மதுவின் மச்சான் அப்சலுக்கு நடந்தது இது.

அப்சல் கம்பத்தில் பைக் மெக்கானிக். முந்தின வருடம் மே மாதம், தம்பி அஷ்ரபின் வண்டியில் சோக் கம்பி அறுந்தது. குளிரில் இன்ஜின் பிடிப்பதற்காகக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தருவது அது.

"கம்பத்து வெக்கைக்கு சோக்கு எதுக்குலே?" மிச்சக் கம்பியையும் வெட்டி எறிந்தான் அப்சல்.

அஷ்ரப் சுண்டுவிரல் இல்லாத வலது கையை நீட்டிச் சிரித்தான். "காசு குடுக்காத கிராக்கின்னா இப்பிடித்தாண்ணே பாப்பீக."

அதே வருடம் டிசம்பரில், குமுளியிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவில் பழுதான லாரி வழியை மறித்தது. அரைமணி நேரம். பனியில் இன்ஜின் ஆறிவிட்டது. வழி திறந்ததும் அஷ்ரப் உதைத்தான்... உதைத்துக்கொண்டே இருந்தான் என்று அந்த லாரிக்காரர் சொன்னார். இன்ஜின் ஓடினால்தான் அந்த வண்டிக்கு விளக்கு; விளக்கில்லாமல் அந்த இறக்கத்தில் உருட்டிக் கிளப்பவும் முடியாது. இருட்டில் நின்றவனை, மேலிருந்து வந்த இன்னொரு லாரி பார்க்கவில்லை.

சோக் விஷயத்தை அப்சல் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா மதீனாவிடம்கூட. சோக் இருந்திருந்தால் பிடித்திருக்குமா... அந்த ஒரு கேள்வி ஒரு வருடம் அவனைத் தூங்கவிடவில்லை.

அதற்காகத்தான் வந்திருந்தான். அதே வண்டி; நசுங்கியதை நிமிர்த்தி, சோக் மட்டும் போடாமல் வைத்திருந்தான். அதே வளைவு. இன்ஜினை அணைத்து, அரைமணி நேரம் ஆறவிட்டான். கை வைத்துப் பார்த்தான். ஐஸ்.

"யா அல்லா, சோக்கு இல்லாமலே ஒரே உதையில பிடிச்சிரணும்."

டக். இல்லை. டக்... டக்... நாற்பது உதை. இல்லை. பெட்ரோல் டாங்கில் நெற்றியை வைத்து அழுதான்.

அப்போது, வலது முழங்கால் பக்கம்... 'சப்' என்று ஒரு சத்தம்.

அவனுக்குத் தெரிந்த சத்தம்தான். காற்று போகும் வாயை உள்ளங்கையால் பொத்தும் சத்தம். சோக் இல்லாத வண்டியை அப்படித்தான் கிளப்புவார்கள். ஆனால் ஒருவர் பொத்த, ஒருவர் உதைக்க வேண்டும். அன்றைக்கு அஷ்ரப் தனியாக இருந்தான்.

பச்சைப் பெட்ரோல் வாடை. அதோடு... அஷ்ரப் பூசும் அத்தர்.

உதைத்தான். பிடித்துக்கொண்டது. விளக்கு எரிந்தது.

யாரும் இல்லை.

வீடு வந்தபோது மணி நாலே முக்கால். நோன்பு மாதம்; மதீனா விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்சல் அவர் காலடியில் விழுந்தான்.

"அம்மா... தம்பி வண்டியில சோக்க வெட்டுனது நாந்தேன்."

"தெரியும்ப்பா." தலையைத் தடவினார். "அண்ணன ஏசாதம்மா, அண்ணன ஏசாதம்மான்னு... பனி விழுற ராத்திரியெல்லாம் வந்து சொல்லிட்டுத்தான போறான். இன்னைக்கு உனக்கு முந்தியே வந்துட்டான். கை வெறச்சிருச்சுன்னு சுடுதண்ணி கேட்டான், பாவம்."

அவர் பக்கத்தில் ஒரு டம்ளர். பாதி வெந்நீர், ஆவி பறந்துகொண்டிருந்தது. டம்ளரின் வெளிப்பக்கத்தில் கறுப்பு ஆயிலில் விரல் தடங்கள்.

அப்சல் எண்ணினான்.

கட்டைவிரலோடு சேர்த்து... நான்கு.