ஸ்ரீமதி தியேட்டரின் சுவர்கள்

சாத்தூர் சாலையில் இந்தக் காம்ப்ளெக்ஸை எழுப்பி, அதன் மாடியில் ஸ்ரீமதி தியேட்டரை அமைத்து, இன்று அதே மாடியில் பட்டாசுப் பெட்டி மடிக்கும் கம்பெனிக்குப் பூஜை போட வந்திருக்கும் விழாத் தலைவர், பெருமதிப்பிற்குரிய அய்யாதுரை அண்ணாச்சி அவர்களே, அண்ணாச்சிக்கு இடமும் வலமும் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தைக் கலக்கத்தோடு பார்க்கும் பெரியோர்களே, பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு வந்து பந்தலில் பாய்கூட இல்லாமல் அமர்ந்திருக்கும் பாசமிகு தாய்மார்களே, வாசலை விட்டு நகராத வாலிபத் தம்பிகளே, என் பேச்சு முடிந்தால்தான் சர்க்கரைப் பொங்கல் என்று சொல்லி வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகளே, உங்கள் அத்தனை பேருக்கும் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மாரிக்கண்ணனின் வணக்கம்.

என்னை எதற்காக மேடையேற்றினார்கள் என்பது எனக்குத் தெரியும். "மாரிக்கண்ணன் நல்லாச் சிரிக்க வைப்பான், தியேட்டர் இருந்த காலத்தப் பத்தி ரெண்டு வார்த்த பேசட்டும்" என்றாராம் அண்ணாச்சி. பத்தாம் வகுப்பு வாசல்வரை போய், வாசலிலேயே நின்றுவிட்டவன் நான். மைக்கைப் பார்த்தால் எனக்கு வியர்க்கும். ஆனாலும் சிரிக்க வைப்பதில் என்ன சிரமம்? என் முகத்தைக் காட்டினால் போதுமே.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டுப் பொங்கலுக்குத் திறந்தார்கள் இந்தத் தியேட்டரை. கீழே ஜவுளிக்கடை, பக்கத்தில் பேன்சி கடை, படியேறினால் படம். கண்ணாடிக் கதவென்ன, கால் வழுக்கும் தரையென்ன, கந்தகப் பூமியில் பிறந்த நமக்குக் காசு கொடுத்தால் கிடைத்த குளிர்காற்றென்ன. திறந்த அன்று நடந்த கூத்து நினைவிருக்கிறதா? பட்டாசு செய்யும் பயர் ஆபீசுக்குள் செருப்போடு நுழையக் கூடாதென்று பழகிய கால்கள் அல்லவா நம் கால்கள்? கண்ணாடிக் கதவைக் கண்டதும் நம் பெண்கள் அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். கதவு திறக்க முடியாத அளவுக்குக் குவியல். மேனேஜர் ஓடி வந்து கும்பிட்டார்: "அம்மா, தாயே, போட்டுக்கிட்டே வாங்கம்மா, இது கோயில் இல்லம்மா."

அதற்கு நம் இருளம்மாள் அக்கா கேட்டது என்ன? "செருப்பு உரசித் தீப்பிடிச்சா நீயா வந்து அணைப்ப?"

அக்கா அதோ தலையைக் குனிந்துகொள்கிறது. குனியாதே அக்கா. நானும் கழற்றிப் போட்டவன்தான். படம் விட்டு வந்து பார்த்தால் ஒரு செருப்புக்கூட என்னுடையது இல்லை. வெறுங்காலோடு வீடு வந்தேன். "தியேட்டருக்குக் காணிக்க போட்டுட்டு வந்தீகளோ?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி வள்ளித்தாய். 

சிரித்துவிட்டீர்கள். நல்லது. சிரிப்பு இத்தோடு முடிந்தது. இனிச் சொல்லப்போவது, ஏழாண்டுகளாக எந்த மேடையிலும் நான் சொல்லாதது.

நம் பகுதியில் ஒரு பழக்கம் உண்டு. எழுதி வைத்த சட்டமில்லை, ஏற்றுக்கொண்ட வழக்கம். எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும், எந்த வேலை கையில் இருந்தாலும், போட்டது போட்டபடி ஓடி வந்து நம் தெருத் தண்ணீர்த் தொட்டியடியில் முகம் காட்ட வேண்டும். முகம் காட்டியவர் பிழைத்தவர். முகம் காட்டாதவரைத் தேடி அவர் வீட்டார் புகை எழும் பக்கம் ஓடுவார்கள். போன் இல்லாத காலத்தில் நமக்கு அதுதானே தந்தி, அதுதானே தகவல், அதுதானே தைரியம்?

இரண்டாயிரத்து இரண்டு, தீபாவளிக்கு முந்தின சீசன். ஆனைக்குட்டம் சாலையில் இருந்த ஒரு பயர் ஆபீசுக்கு எங்கள் அச்சகத்திலிருந்து லேபிள் போகும். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. காலையில் வள்ளித்தாய் தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பும்போது, "மதியம் லேபிள் குடுக்கப் போறேன், அங்கனயே சாப்பிட்டுக்கிடுவேன்" என்றேன். மதியம் பார்த்தால் லேபிளில் மை காயவில்லை. "நாளைக்குக் கொண்டு போலே" என்றார் முதலாளி. பள்ளிக்கூடம் விடுமுறை. மகள் பொன்மணிக்குப் பதினொரு வயது. "வா தாயி, ஏசி காத்து வாங்கிட்டு வருவோம்" என்று தியேட்டருக்குக் கூட்டி வந்துவிட்டேன். இதோ, இந்த மாடிக்கு.

படத்தில் சண்டை. கார் கவிழ்கிறது. அப்போது எழுந்தது ஒரு சத்தம். இருக்கை அதிர்ந்தது, என் நெஞ்சு அதிர்ந்தது. அடேயப்பா, என்ன மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். பக்கத்து இருக்கையில் இருந்த நாகையா அண்ணன் எழுந்து நின்று விசிலடித்தார். சிறிது நேரம் கழித்து இன்னொரு சத்தம், முன்னதைவிடப் பெரிது. "குடுத்த காசு செரிச்சிருச்சு தாயி" என்றேன் மகளிடம்.

சத்தத்திலேயே பிறந்து, சத்தத்திலேயே வளர்ந்து, சரவெடிக்கும் அணுகுண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்லும் சனம் நாம். நமக்கே அது தெரியவில்லையே, ஏன்? நம் காதா கெட்டுவிட்டது? இல்லை. அண்ணாச்சி அத்தனை நேர்த்தியாகக் கட்டியிருந்தார். வெளிச்சத்தம் உள்ளே வராமல், உள்சத்தம் வெளியே போகாமல், சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. உள்ளே வந்த கொஞ்சநஞ்ச அதிர்வையும் படம் தன் சத்தத்துக்குள் கரைத்துவிட்டது.

ஆனைக்குட்டம் சாலைப் பக்கம் எழுந்த முதல் சத்தத்துக்கே தெரு முழுக்கத் தொட்டியடியில் கூடிவிட்டது. வள்ளித்தாயும் ஓடி வந்து முகம் காட்டினாள். என் முகமும் இல்லை, பிள்ளை முகமும் இல்லை. இருளம்மாள் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இரு வள்ளி, வந்துருவாகடி" என்றதாம். "அவுக அங்கதான் லேபிள் குடுக்கப் போயிருக்காக. பிள்ளையவும் கூட்டிட்டுப் போயிட்டாக போல, என்னய விடுக்கா" என்று கையை உதறிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அவள் அந்தப் பயர் ஆபீசு வாசலைத் தாண்டவும் அடுத்த ஷெட் வெடித்தது.

நான் காசு செரித்தது என்று சொன்னேனே, அந்தச் சத்தம்.

படம் முடிந்து, சோளப்பொரிப் பொட்டலத்தோடு மகள் கையைப் பிடித்துக்கொண்டு தொட்டியடிக்கு வந்தேன். என்னை உயிரோடு கண்டதும் இருளம்மாள் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. "நீ இங்கனயா இருக்க மாரிக்கண்ணா? அவ ஒன்னயத் தேடில்லா போனா."

தண்ணீர் வேண்டாம் தம்பி. நின்று பேசுவேன்.

அதற்குப் பிறகு நம் தெருவிலிருந்து ஒருவரும் இந்தப் படியேறவில்லை. இரண்டாண்டில் தியேட்டர் மூடியது. டிவிடி வந்ததால் மூடியது என்பார்கள். இருக்கலாம். நாற்காலிகள் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயின. திரை கிழிந்து வெயிலுக்குப் பந்தலானது. ஆனால் பெரியோர்களே, சுவர் போகவில்லை. பஞ்சுப் பலகை போகவில்லை. திருட்டுக்குப் பயந்து பக்கத்து வாசல்களைக் கல் வைத்து அடைத்தார்களே, அந்தக் கல்லும் போகவில்லை. இன்று உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர அதே வாசல்.

திங்கட்கிழமை முதல் அதற்குள் நம் பெண்கள் உட்காரப் போகிறார்கள். பேர் கொடுத்தவர்களில் பதினெட்டு வயது பொன்மணியும் ஒருத்தி. என் மகள்.

என்ன அண்ணாச்சி? "காலிப் பெட்டி மட்டுந்தானப்பா மடிக்கப் போறோம், வெடி உள்ள வராதுல்லா" என்கிறீர்களா? உங்கள் வாய்ச்சொல்லை நான் நம்புகிறேன். சீசன் நெருக்கடியை நம்பலாமா? லோடு வந்து வாசலில் நிற்கும்போது, மழை இருட்டிக்கொண்டு வரும்போது, ஆர்டர் கொடுத்தவன் கழுத்தை நெரிக்கும்போது, "ரெண்டு நாளைக்கு உள்ள எறக்கி வைங்க" என்று யாராவது சொல்ல மாட்டார்களா? தாய்மார்கள் சிரிக்கிறார்கள் பாருங்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெடியே வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வெளியே வெடித்தால் உள்ளே இருப்பவளுக்குத் தெரியுமா? உள்ளே அலறினால் வெளியே நிற்பவனுக்குக் கேட்குமா? கேளாத சுவருக்குள் பிள்ளையை அனுப்பிவிட்டு எந்தத் தகப்பன் வேலை பார்ப்பான், எந்தத் தாய் உலை வைப்பாள்?

வாசல் பக்கம் யார், நம் ஊர்க்காவலன் தம்பியா? "வேலையக் கெடுத்துப்புடாதீகண்ணே" என்கிறாய். கெடுக்க வரவில்லை தம்பி. வேலை வேண்டும். என் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். நான் கேட்பது அண்ணாச்சி, கம்பெனியை மூடச் சொல்லி அல்ல; சுவரைத் திறக்கச் சொல்லி. அடைத்த வாசல்களை உடையுங்கள். பலகையைப் பிடுங்குங்கள். தெருச்சத்தம் உள்ளே கேட்கிற மாதிரி நாலு பக்கமும் சன்னல் வையுங்கள். வைத்த பிறகு வரச் சொல்லுங்கள், என் மகளை நானே கூட்டி வந்து விடுகிறேன்.

"பூஜை முடியட்டும், பாப்போம்" என்கிறார் அண்ணாச்சி. அண்ணாச்சி நல்லவர். வள்ளித்தாய் காரியத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர். ஆனால் 'பாப்போம்' என்ற சொல்லை வைத்து ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்க முடியாது. பூஜையை வருகிற வெள்ளிக்கு வைத்துக்கொள்ளலாம். கொத்தனாரை இன்றைக்கே வரச் சொல்லுங்கள்.

பெண்கள் பக்கத்தில் ஏதோ சலசலப்பு. பொன்மணி எழுந்து நிற்கிறாள். என்ன தாயி? சத்தமாச் சொல்லு.

"வாசல் வச்சா வாரேம்ப்பா. இல்லாட்டி வரல."

அவளுக்குப் பின்னால் இருளம்மாள் அக்கா எழுகிறது. மாரித்தாய் எழுகிறாள். பேர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக எழுகிறார்கள். அண்ணாச்சி, இவர்களை நான் எழுப்பவில்லை.

பேச வாய்ப்பளித்த தலைவர்க்கும், பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், எழுந்து நிற்கும் என் தாய்மார்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மேடையில் எனக்கு இனி வேலையில்லை. இறங்கிப்போய் என் மகளுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறேன். கொத்தனார் கடப்பாரையோடு வரும்வரை நாங்கள் அங்கேதான் நிற்போம். எல்லோருக்கும் வணக்கம்.