ஆறிய இரும்பில் ஓர் அரைநிலா

ஐயா,

அன்றைய விசாரணையில் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். முறையாகத் தொடங்கினால்தான் எனக்கு எழுத வரும். தோட்டத்து ஆபீசில், தொரையின் நாற்காலியில் இன்ஸ்பெக்டரான நீங்கள். ஜன்னலோரம், மழைக்கோட்டைக் கழற்றாமல் தொரை. மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அலமாரியில் சாய்ந்து நின்றார். கதவோரம் தரையில், கைவிலங்கோடு மாயாண்டி குந்தியிருந்தான். அவன் பெண்சாதி பூரணி வெளியே, படிக்குக் கீழே நின்றாள். தோட்டத்துக் கொல்லனான எனக்கு ஒரு முக்காலி போடச் சொன்னீர்கள். கூலி லயத்து ஆள் ஒருவன் அந்த ஆபீசில் உட்கார்ந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த மரியாதைக்காகவே இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

மேசையில் கவ்வாத்துக் கத்தி கிடந்தது. தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டி இறக்குகிற, நுனி வளைந்த கத்தி. சில்லறைக் கங்காணி இராமையாவை வெட்டிய கத்தி அதுதான்.

"செல்லசாமி ஆசாரி, இது யாருடைய கத்தி?" என்று கேட்டீர்கள்.

"மாயாண்டியோடதுங்க. கழுத்துல பாருங்க, அரைநிலாவும் கீழ ஒரு புள்ளியும் இருக்கு. அவனுக்குன்னு நான் போட்ட அடையாளம்."

"ஆசாரியண்ணே, என் கத்தி ஒங்க பட்டறையிலதானே கெடக்கு? பிடி கழண்டு போச்சுன்னு பூரணிகிட்ட குடுத்தனுப்புனேனே," என்றான் மாயாண்டி. கோபமாகச் சொல்லவில்லை. மறந்துபோனவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரிச் சொன்னான்.

"வியாழக்கெழமையே வாங்கிட்டுப் போயிட்டியேப்பா," என்றேன்.

அரைநாள் கூலிதான் என்று அரைப்பேர் போட்டதற்காக இராமையாவோடு அவன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சத்தம் போட்டதை ஊரே பார்த்திருந்தது. ஆகவே வழக்கு நீளவில்லை. வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கண்டிச் சிறையில் மாயாண்டியைத் தூக்கில் போடுகிறார்கள். அவன் கங்காணியை வெட்டவில்லை. அவன் உயிர் போகாமல் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் நோக்கம்.

இதை என் தொழிலை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். கத்திக்கு நான் எடுப்பது லொறி வில்லுத்தகடு. உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, நுனியை வளைப்பேன். இரும்பு சிவப்பாக இருக்கும்போதே கழுத்தில் அச்சு உளியை வைத்து, வாங்குகிறவனின் அடையாளத்தைக் குத்திவிடுவேன். பிறகு வெட்டுகிற வாய்ப்பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் காட்டி, மறுபடி இளஞ்சூடு ஏற்றி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்துவேன். வாய் கெட்டியாகும். கழுத்து ஒடியாதபடி மென்மையாகவே இருக்கும்.

சிவந்த இரும்பில் குத்திய குறிக்கு ஓரம் வழவழப்பாக இருக்கும். ஆறிய இரும்பில் குத்தினால் ஓரம் உதடு மாதிரிப் பிதுங்கும். உங்களிடம் இருக்கிற கத்தியின் அரைநிலாவை நகத்தால் ஒரு முறை தடவிப் பாருங்கள். நகம் மாட்டும்.

மலையில் தண்ணீர் வடிகிற கான் வெட்டப்போன நல்லமுத்து அந்தக் கத்தியைத் தண்ணீரிலிருந்து எடுத்த அன்று, துருவைச் சுரண்டி அடையாளம் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பியது நீங்கள்தான். உங்களைக் குறை சொல்லவில்லை. வேறு யாரிடம் அனுப்புவீர்கள்? கான்ஸ்டபிள் இஸ்ஸதீன் பட்டறை வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சுரண்டிப் பார்த்தேன். அடையாளம் எதுவும் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் அடையாளம் இல்லாத கவ்வாத்துக் கத்தி ஒன்றே ஒன்றுதான். மற்றக் கத்திகளுக்கு அளவு பார்க்க நான் வைத்திருந்த மாதிரிக் கத்தி அது.

மாயாண்டியின் கத்தி அப்போது என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. வேறு யார் குறியைக் குத்தினாலும் அந்த ஆள் தன் கத்தியைக் கொண்டுவந்து காட்டிவிடுவான். யோசித்தால் இதில் நான் தேர்ந்தெடுக்க எதுவுமே இருக்கவில்லை.

இரண்டே தட்டு.

"என்ன ஆசாரி, துருவுக்கே இவ்வளவு அடியா?" என்று சிரித்தார் கான்ஸ்டபிள்.

"பழைய கடன்காரன் மாதிரிங்க, லேசுல போகாது," என்றேன். கரியும் எண்ணெயும் கலந்து குறியில் தேய்த்துக் கொடுத்தேன்.

இராமையாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் வெட்டுப்பட்ட அன்று காலை, தீட்டிய கத்திகளைக் கொடுக்க ஏழாம் நம்பர் மலைக்குப் போயிருந்தேன். இராமையா ஒரு கத்தியை வாங்கிக் கிளையில் போட்டுப் பார்த்தார். பட்டை கொஞ்சம் கிழிந்தது. வெட்டிய கையின் குற்றம் அது.

"என்னா ஆசாரி, ஒன் கத்தி கவ்வாத்து பண்ணுதா, செடிக்கு முதுகு சொறிஞ்சு விடுதா?"

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டுக்கு எல்லோரும் இறங்கிப்போன பிறகு, பனி மூடியிருந்த நேரம், அவர் கல்லில் தனியாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்த மாதிரிக் கத்தியை எடுத்துக் காட்டினேன்.

"இதையாவது பாருங்க கங்காணி. பதம் சரியா இருக்கான்னு சொல்லுங்க."

விரலை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "இதுவும் மெழுகுதான்டா," என்று சொல்லிவிட்டு, துப்புவதற்குக் குனிந்தார்.

பதத்தைக் காட்டினேன். ஒரே வெட்டு. கானில் எறிவதற்கு முன் கத்தியின் வாயைப் பார்த்தேன். மடங்கவில்லை, பல் விழவில்லை. அவர் சொன்னது தவறு என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

அதன்பின் எனக்குத் தூக்கம் சரியில்லை. செய்ததற்கு ஈடாக, என்னால் முடிந்ததைப் பூரணிக்குச் செய்துவந்தேன். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்றாள். கெட்டியான தாழ்ப்பாளாகச் செய்து, நானே போய்ப் பொருத்திக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. மாயாண்டியின் கத்தியைக் காய்ச்சி அடித்துத்தான் அதைச் செய்தேன். அவன் பொருள் அவன் வீட்டுக்கே போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன்.

மகாதேசாதிபதிக்குக் கருணை மனு எழுதவும் என்னிடம்தான் வந்தாள். ஹட்டனில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன் என்பதால் லயத்துக் கடிதமெல்லாம் நான்தான் எழுதுவது.

"கத்தி ஒங்ககிட்டதான் கெடந்துச்சுன்னு எழுதுங்கண்ணே. நான்தானே கொண்டாந்து குடுத்தேன். ஒங்களுக்கு ஞாபகம் இல்லாட்டியும் நான் சொன்னதா எழுதுங்க."

"கருணை மனுவுல அதெல்லாம் எழுதக் கூடாது தங்கச்சி. கருணை மட்டுந்தான் கேக்கணும்."

"அப்படிங்களா? ஒங்களுக்குத்தான் தெரியும்," என்று சொல்லிப் பெருவிரலை நீட்டினாள். மை தடவி நானே பிடித்து வைத்தேன். ரேகை தெளிவாக விழுந்தது. மனு தள்ளுபடியான செய்தி வியாழக்கிழமை வந்தது. அன்றே இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன்.

முதல் பிரதியில் அடித்தல் திருத்தல் அதிகம். இரண்டாவதில் பதம் பார்ப்பதை எழுத விட்டுப்போயிற்று. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உங்கள் ஸ்டேசனுக்கு வந்துவிடலாம். ஆனால் எனக்கு வாயால் கோவையாகச் சொல்ல வராது. தந்தி கொடுக்கலாம் என்றும் யோசித்தேன். சூட்டுக்குறிக்கும் ஆறிய குறிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தந்தியில் எப்படி விளக்குவது? அரைகுறையாகச் சொன்னால் மாயாண்டிக்குத்தான் கெடுதல். அதனால் மூன்றாம் முறை நல்ல தாளில் எழுதினேன்.

இதை நோர்வூட் தபால் கந்தோர் விறாந்தையில் உட்கார்ந்து முடிக்கிறேன். சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. இன்றைய தபால் பை பன்னிரண்டுக்கே போய்விட்டதாம். நாளை ஞாயிறு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிப் பையில் கட்டாயம் போய்விடும் என்று உள்ளே இருக்கிறவர் உறுதியாகச் சொல்கிறார்.

இனி ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உறையை ஒட்டிப் பெட்டியில் போடுகிறேன்.