அத்தை தேறுற வரைக்கும்

டீ ஆறிடுச்சு, பரவாயில்லை சார். எனக்குச் சூடா இறங்காது.

மாத நாவல் போடுற அச்சகத்துல நான் பிழை திருத்துறவ. எங்ககிட்ட அதிகம் விக்கிறது ஒரே கதைதான். ஊருக்காக ஜோடின்னு நடிக்கிற ரெண்டு பேர், கடைசியில நிஜமாவே ஜோடி ஆயிடுவாங்க. அட்டைப்படம்தான் மாறும். அப்படி என்ன இருக்குன்னு கேக்கிறீங்க. அதுல யாரும் யார்கிட்டயும் போய் 'என்னைப் பிடிச்சிருக்கா'ன்னு கேட்டு அசிங்கப்பட வேண்டாம். நடிச்சா போதும், மீதி தானா நடக்கும்.

அதனாலதான் எங்க அட்டைப்படம் வரையறவர் கேட்டப்போ உடனே சரின்னேன். அவர் அம்மாவுக்கு இதய ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. மகனுக்கு ஒருத்தி அமைஞ்சிட்டான்னு தெரிஞ்சா தெம்பு வரும்னு நினைச்சார். "அம்மா தேறுற வரைக்கும்தாங்க. அப்புறம் உங்களுக்குத் தொந்தரவே இல்லை"ன்னார்.

அத்தை தங்கமானவங்க. என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லு. "மருமக கையால குடுத்தாதான் மாத்திரை முழுங்குவேன்"னுட்டாங்க.

ஒருநாள் அவங்க தூங்கினப்புறம், சமையல்கட்டுல அவர் கேட்டார், "நாம சாப்பிடலாமா?" கவனிங்க சார். அடுத்தவங்க முன்னாடி 'நாங்க'ம்பார், அது நடிப்பு. யாருமே இல்லாத இடத்துல 'நாம'. எங்க நாவல்ல வாசகிங்க அழுறது அந்த இடத்துலதான். வேற எப்படிக் கேப்பாங்கன்னு சிரிக்கிறீங்க. நீங்க கதை படிக்கிற ஆள் இல்லை போல.

ஆனா அத்தை தேறிட்டாங்க. தனியா மாடி ஏறினாங்க. "ரொம்ப நன்றிங்க, இனி அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்"னார் அவர். எனக்கு மனசு கேக்கலை. இதய மாத்திரை மாதிரியே வெள்ளையா, வட்டமா, சத்து மாத்திரை எந்தக் கடையிலயும் கிடைக்கும். விஷமெல்லாம் இல்லை, அதையும் எழுதிக்கோங்க. அத்தை மறுபடி படுத்தாங்க. "இன்னும் கொஞ்ச நாள் வருவீங்களா"ன்னு அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நான் அவ்வளவு சந்தோஷமா இருந்ததே இல்லை.

அத்தை போயிடுவாங்கன்னு நான் நினைக்கலை. அவங்களுக்காக அதிகமா அழுதது நான்தான். துக்கத்துக்கு வந்தவங்ககிட்ட அவர் என்னை, "ஆபீஸ்ல கூட வேலை பாக்கிறவங்க"ன்னு சொன்னார்.

அப்புறம் அவருக்குத் தூக்கமே இல்லை, டாக்டர் மாத்திரை எழுதினார். அவருக்கு நான் நிஜ மாத்திரைதான் குடுத்தேன் சார். கொஞ்சம் கூடுதலா. நோயாளின்னா பக்கத்துல ஒருத்தி வேணும்தானே.

இன்னும் நினைவு திரும்பலைங்கிறீங்க. என்னைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கண் முழிக்கிறப்போ பக்கத்துல நான் இல்லேன்னா அவர் பயந்துடுவார்.