முட்டுச்சந்தில் திரும்பியவர்கள்

1999 பிப்ரவரி 6, சனி. அலுவலகம் முடிந்து வழக்கம்போல் கோரிப்பாளையத்தில் திருமங்கலம் பேருந்து ஏறினேன். என் நிறுத்தத்திலேயே இறங்கும் ஒருவர், எனக்கு முன் இருக்கையில் அமர்ந்து, பக்கத்திலிருந்த ஓர் இளைஞரிடம் சொன்னார்:

"பொண்ணு பாக்க வந்தவங்க வீட்டுக்கு வராம, தூரத்துல எங்க மொட்டமாடியப் பாத்துட்டே திரும்பிட்டாங்க மாப்ள."

"ஏன் மாமா?"

"நான் சொன்ன வழியில புதுசா ஒரு வீடு நிக்குது. முட்டுச்சந்துல முட்டுனது சகுனம் சரியில்லையாம்."

"பின்னாடித் தெரு?"

"அது வேற நகரு. நடுவுல சுவரு வச்சுட்டாங்க."

"நாளைக்கு வாரவங்களுக்கு என்ன வழி சொன்னீக?"

"எனக்கே வெளங்கல. ஸ்டாப்புல நின்னு நானே கூட்டிட்டுப் போகணும்."

"நீங்க தொலையாம இருந்தாச் சரி."

மறுநாள் காலை முதல் வேலையாகப் பால் வாங்க நிறுத்தத்துக்குப் போனேன். சலவை வேட்டியில் அவர் நின்றிருந்தார். ஜல்லி கொட்டிய லாரிக்காரரிடம், எந்தத் தெரு இன்னும் திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.