ரயில் கார்டின் ஐந்து பொத்தான்கள்

தப்பாக நினைக்காதீர்கள் சார், இந்த அறையில் மேசை விளக்கு தவறான பக்கத்தில் இருக்கிறது. எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின் மேலேயே விழும். ஓ, நீங்கள் இடது கைக்காரரா? அப்படியானால் சரிதான். கவனித்தேன், சும்மா கேட்டேன்.

என் மனைவி விஷயத்தில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் கோப்பில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். யாரும் அழைத்து வரவில்லை, பேருந்து பிடித்து நானே வந்தேன். முதலில் ஏறியது வேறு வண்டி என்றால், அது எண்ணை அவ்வளவு சின்னதாக எழுதுகிறவர்களின் குற்றம். வாசலில் இந்தப் பெண் காவலர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். தேவையே இல்லை, இருந்தாலும் நல்ல பெண்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் வரைந்தேன். ஓய்வு பெற்றதும் பின்னறையில் மேசை போட்டு மாதிரிகள் செய்ய ஆரம்பித்தேன். கடைசியாகச் செய்தது ஒரு ரயில் நிலையம். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அந்த அளவில் ஓர் ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம். நடைமேடை, இரும்புப் பாலம், நாற்பத்தொரு பயணிகள், கொடி பிடித்த ஒரு ரயில் கார்டு. மூன்று வருட வேலை.

போன வருடம் நானும் அவளும் ஒரே நாளில் கண் டாக்டரிடம் போனோம். ஒரே நாற்காலி, பத்து நிமிட இடைவெளி. அவளுக்குப் புரை. "அரை மணி நேர வேலைம்மா, பளிச்னு ஆயிடும்" என்றார். எனக்குக் கண் அழுத்தம், நரம்பு போய்க்கொண்டிருக்கிறது. "இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம் சார்" என்றார். நான் வருத்தப்படவில்லை. இருந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

முதலில் அவளுடைய இடது கண்ணுக்கு அறுவை செய்தார்கள். கட்டைப் பிரித்ததும் என்னைத்தான் பார்த்தாள்.

"ஐயோ, எப்பங்க இவ்வளவு கிழமானீங்க?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் ஓர் ஆய்வாளரைப் போல ஒவ்வொரு அறையாக நுழைந்து வெளியே வந்தாள். "ஏங்க, நம்ம சுவரு பச்சையா? நான் சாம்பல்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்? இந்த மின்விசிறியில இருக்கிற தூசியை வச்சு ஒரு வீடே கட்டலாம்ங்க." இப்படியே ஒரு வாரம். பிறகு என் பின்னறையையும் எட்டிப் பார்த்தாள். நீண்ட நேரம் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்கிறவள் ஒன்றும் சொல்லாமல் போனால் குறித்துக்கொள்ள வேண்டும். நான் குறித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் மாதிரி செய்வோர் மன்றத்தின் கண்காட்சி. என் ரயில் நிலையத்துக்கு முதல் பரிசு, கோப்பை. மன்றச் செயலாளர் ஒரு பல் டாக்டர். பூதக்கண்ணாடியும் கையுமாகவே திரிவார். எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார்.

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். அந்தக் கார்டு சட்டையில அஞ்சு பொத்தான்! நாலாவது பொத்தான் போடாம விட்டிருக்காரு பாருங்க, வயிறு கொஞ்சம் பெருத்த ஆளு. என்ன ஒரு நகைச்சுவை உங்களுக்கு!"

நான் தலையசைத்தேன். பொத்தான் வைப்பதை நான் இரண்டு வருடம் முன்பே நிறுத்திவிட்டேன்.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது யோசித்தேன். கண் குறையக் குறைய என் வேலை மெருகேறிக்கொண்டே போயிருக்கிறது. இது இயற்கை இல்லை. யாரோ என் அறைக்குள் வந்து போகிறார்கள். பல் டாக்டர்? அவரிடம் வீட்டுச் சாவி இல்லை. மகள்? அவள் இருப்பது வெளியூர். மிச்சம் ஒருத்தி. ஆனாலும் ஆதாரம் இல்லாமல் நான் யாரையும் குற்றம் சொல்லுகிறவன் இல்லை.

மேசை விளிம்பில் முகப்பவுடர் தூவி வைத்தேன். கைரேகை விழுந்ததா என்று மறுநாள் பார்த்தேன், பவுடரே தெரியவில்லை. அவள் துடைத்துவிட்டாள் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அடுத்து, மெல்லிய தூரிகைகளின் காம்பில் நீலகிரித் தைலம் தடவிவிட்டு, மத்தியானம் தூங்கப் போவதாகச் சொல்லிப் படுத்தேன். நாலு மணிக்கு டீ கொண்டுவந்து எழுப்பினாள். டம்ளரை வாங்கும்போது அவள் விரலில் தைலம் மணத்தது.

"சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லையே, ஏங்க?"

"சும்மாதான்."

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் என்ன சொல்வாள்? "கவுந்து கிடந்த பயணியை நிமித்தி வச்சேன், சுவரைப் பார்த்து நின்ன பொம்பளையைத் திருப்பி வச்சேன், அவ்வளவுதான்" என்பாள். சொல்வாள் என்றுகூட இல்லை, பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இதையேதான் சொன்னாள். ஒரு மனிதனின் மூன்று வருட வேலையைத் திருடியதை வீடு பெருக்கின மாதிரிச் சொல்லுகிற சாமர்த்தியம் அவளுக்கு உண்டு.

அவள் அந்தக் கோப்பையைத் தினமும் துடைத்தாள். துடைக்கும்போது என் பக்கம் திரும்பவே மாட்டாள். ஒருநாள் மகளிடம் போனில் பேசிக்கொண்டே சிரித்தாள். எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க" என்றாள். ஒன்றுமில்லாததற்கு யாரும் நான்கு நிமிடம் சிரிப்பதில்லை. அதன்பின் மகள் என்னிடம், "அப்பா, கண்ணைக் கசக்காதீங்கப்பா, உடம்பைப் பாத்துக்கோங்க" என்றாள். குரலில் இரக்கம். இருவரும் பேசி வைத்துக்கொண்டது தெரிந்தது.

பிறகு அவளுடைய வலது கண்ணுக்கும் அறுவை ஆனது. அவளால் தனக்குத்தானே சொட்டு மருந்து விட்டுக்கொள்ள முடியாது. துளி விழும் முன்னே கண்ணை மூடிக்கொள்வாள், கன்னத்தில்தான் ஓடும். அதனால் நான்தான் போடுவேன், ஒரு நாளைக்கு நான்கு வேளை. என் கை இன்றும் நடுங்காது. "உங்க கை மட்டும் இன்னும் மாப்பிள்ளைக் கைதாங்க" என்பாள். நாங்கள் நல்ல தம்பதி சார், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம்தான் பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் செய்முறை விளக்கமாம். நான் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து ஒரு கார்டு பொம்மைக்கு வண்ணம் பூசிக் காட்ட வேண்டுமாம். "அந்த அஞ்சு பொத்தானையும் நேர்ல பார்க்கணும்ணே. அறுபது பேர் பேர் கொடுத்துட்டாங்க." நான் பேச வாயெடுப்பதற்குள் அவள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"வருவாருங்க. நானும் பக்கத்துலயே உட்கார்ந்துக்கறேன். தூரிகை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணுமில்ல?"

பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாளாம். அறுபது பேர் முன்னால், இரண்டு புதுக் கண்ணோடு.

அவளைத் தண்டிக்க நினைத்தேன் என்று எழுதாதீர்கள். ஒரு வேலையில் ஒரே ஒரு கைதான் இருக்க வேண்டும். நில அளவையில் இது முதல் பாடம். இரண்டு பேர் திருத்திய வரைபடம் யாருக்கும் உதவாது. அவள் பின்னறைக்கு வருவது நின்றால் போதும் என்று இருந்தேன். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. அவள் கட்டிலில் மல்லாந்து படுத்து, "ம், போடுங்க" என்றாள். பின்னறை இழுப்பறையில், மாதிரிகளுக்கு வைத்திருக்கும், நொடியில் இறுகும் ஒட்டுப்பசை பாட்டில் இருந்தது. அளவில் மருந்துப் பாட்டிலைப் போலவேதான் இருக்கும். ஆனால் அதன் கழுத்தில் நான் நூல் சுற்றி வைத்திருக்கிறேன், அதனால் மாறவே மாறாது. நூல் எதற்கா? அழகுக்கு.

வலது கண்ணில் விட்டேன். இடது கண்ணிலும் விடத்தான் இருந்தேன், அவள் தலையைத் திருப்பிவிட்டாள். அதனால் இடது கண் தப்பியது. வலது கண்ணில் அறுவைக் காயம் ஆறவில்லை, இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொன்னார். உங்கள் கோப்பில் இந்த விவரம் சரியாகத்தான் இருக்கிறது.

கத்தினாளா என்று கேட்கிறீர்கள். பெரிதாக இல்லை. ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "எந்தப் பாட்டிலுங்க அது?" நான் ஆட்டோக்காரரிடம் வேகமாகப் போகச் சொன்னேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. ஆஸ்பத்திரி போகும்வரை கையை விடவும் இல்லை.

அங்கேதான் அவள் அதைச் செய்தாள். டாக்டர், நர்ஸ், உங்கள் காவலர், அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "அவருக்குச் சுத்தமா கண்ணு தெரியாதுங்க. ரெண்டு வருஷமாவே அப்படித்தான். நான்தான் பாட்டிலைப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கணும். தப்பு என் மேலதான், அவரை ஒண்ணும் கேட்காதீங்க."

என்னைக் காப்பாற்றினாள் என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் செய்தவன் நான், எனக்குத் தெரியும். அவள் எல்லாம் தெரிந்தே சொன்னாள். ஒரே வாக்கியத்தில் என்னை முடித்துவிட்டாள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் என்னைச் சாலை கடத்திவிடுகிறார். மகள் வந்து, தட்டில் சோறு எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம் என்று சொல்லிக் கொடுக்கிறாள். பல் டாக்டர் பழக்கூடையோடு வந்து, "பாவம்ணே நீங்க. விளக்கமெல்லாம் இனி வேண்டாம், கோப்பை உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். இருக்கட்டுமாம்.

அதனால் திருத்துங்கள். பாட்டில் மாறவில்லை. நான் பார்த்தேன், தெரிந்து எடுத்தேன், தெரிந்தே விட்டேன். இப்படி எழுதினால் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்கிறீர்கள். போகிறேன். கவனக்குறைவு என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். முப்பத்து நான்கு வருடப் பணிப் பதிவேட்டில் அந்த வார்த்தை ஒருமுறைகூட வந்ததில்லை.

எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். அவசரப்படுத்தாதீர்கள்.

ம். சரியாக இருக்கிறது. 'தெளிவாகப் பார்த்து, அறிந்தே செய்தேன்' என்று நான் சொன்னபடியே போட்டிருக்கிறீர்கள். ஒரு பிழை இல்லை. கையெழுத்தும் மணிமணியாக இருக்கிறது சார், எங்கள் அலுவலகத்திலேயே இப்படி எழுதுகிறவர்கள் குறைவு.

என்னம்மா? எழுதியிருப்பது பின்பக்கமா?

தெரியும் அம்மா. முதலில் இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத் திருப்பலாம் என்று இருந்தேன்.